இலைச்சாற்றைச் சுற்றி ஒரு வளையம்

தமிழ்நாட்டில் நுண்ணுயிரியல் படித்த யாரைக் கேட்டாலும் அந்தக் காலைநேரத்தைப் பற்றிச் சொல்வார்கள். முந்தின நாள் வேப்பிலையையோ துளசியையோ குப்பைமேனியையோ அரைத்துச் சாறெடுத்து, சின்னத் தாள்வில்லைகளில் நனைத்து, வட்டத் தட்டுகளில் பதித்துவிட்டுப் போயிருப்பார்கள். இரவெல்லாம் 37 டிகிரிச் சூட்டில் கிடந்த தட்டை வெளியே எடுத்ததும் பக்கத்தில் நிற்பவர் கேட்கும் முதல் கேள்வி, "ஜோன் வந்திருக்கா?"

ஜோன் என்பது ஒரு வளையம். தட்டு முழுக்கப் பாக்டீரியா மூச்சுப் பட்ட கண்ணாடிபோல மங்கலாகப் படர்ந்திருக்கும். சாறு ஊறிய வில்லையைச் சுற்றி மட்டும் எதுவும் முளைக்காமல் தெளிவாக ஒரு வட்டம் தெரியும். அதன் குறுக்களவை ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் குறித்துக்கொண்டால் மூலிகைச் சோதனை ஒன்று முடிந்தது. உலகெங்கும் பல்லாயிரம் இலைகளும் வேர்களும் பட்டைகளும் இந்த வளையத்தை வைத்தே எடைபோடப்பட்டிருக்கின்றன. வளையம் வந்த வழியைத் தெரிந்துகொண்டால், அது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதும் விளங்கிவிடும்.

முதலில் தட்டில் உறைந்திருக்கும் அந்த ஜெல்லியைப் பார்ப்போம். அதன் பிறப்பு ஜப்பானில், கியோட்டோவுக்கு அருகிலிருந்த புஷிமியில். 1658-ஆம் ஆண்டுக் குளிர்காலம் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். மினோயா தரோசயெமோன் என்ற விடுதிக்காரர், தங்கவந்த பிரபு ஒருவருக்காகக் கடற்பாசியைக் காய்ச்சிக் களி செய்தார். மிஞ்சியதை வெளியே கொட்டினார். இரவுப் பனியில் அது உறைந்தது, பகல் வெயிலில் உருகிக் காய்ந்தது. சில நாளில் பார்த்தால், வெள்ளை வெளேரென்று காகிதம்போல ஒரு பொருள் கிடக்கிறது. எடுத்து மறுபடி கொதிக்கவைத்தார், முன்னைவிடத் தெளிவான களி கிடைத்தது. இனி கடற்கரையிலிருந்து ஈரப்பாசியைச் சுமந்து வரத் தேவையில்லை. உலர்ந்த சருகாக எவ்வளவு தூரமும் கொண்டுபோகலாம்.

அந்தச் சருகு கப்பலேறியது. நாகசாகித் துறைமுகம் வழியாகச் சீனாவுக்கும் போனது. மலாய்க்காரர்கள் பாசிக்களிக்கு வைத்திருந்த 'அகர் அகர்' என்ற பெயரே உலகெங்கும் நிலைத்தது. நம் மளிகைக்கடைகளில் அதுவே 'சைனா கிராஸ்' ஆனது. ஜப்பானில் உருவான பொருள், மலாய்ப் பெயர், சீனத்துப் பட்டப்பெயர்! தமிழ் முஸ்லிம் வீடுகளில் நோன்பு துறக்கும் வேளையில் தட்டில் துண்டுபோட்டு வைக்கும் கடல்பாசி இதுதான். ஆய்வகத் தட்டும் அந்த இனிப்புத் தட்டும் ஒரே குடும்பம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

பாசி கப்பலில் போய்க்கொண்டிருந்த காலத்தில், மூலிகையைச் சோதிக்கும் யோசனை ஐரோப்பியப் போர்க்களத்தில் முளைத்தது. பிரிட்டிஷ் படையின் மருத்துவரான ஜான் பிரிங்கிள், துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானவர்களைவிட மருத்துவமனைக் காய்ச்சலுக்கும் புண் அழுகலுக்கும் பலியானவர்களை அதிகம் பார்த்தவர். 1750-இல் அவர் இறைச்சித் துண்டுகளைக் குப்பிகளில் போட்டு, ஒன்றில் கற்பூரம், ஒன்றில் வெள்ளைப்போளம், ஒன்றில் சாமந்தி இனத்துக் கெமோமில் பூ, ஒன்றில் சிங்கோனாப் பட்டை என்று சேர்த்தார். விளக்கடுப்பில் உடல் சூட்டளவில் வைத்து, எது முதலில் நாறுகிறது என்று முகர்ந்து பார்த்தார். கடலுப்பு எவ்வளவு நேரம் அழுகலைத் தடுக்கிறது என்பதே அவருக்கு அளவுகோல். 'ஆன்டிசெப்டிக்' என்ற சொல்லைப் பரப்பியவரும் அவர்தான். நுண்ணுயிர்தான் அழுகலுக்குக் காரணம் என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஆனாலும் ஒப்பிட ஒரு பொருளை வைத்துக்கொள், எல்லாவற்றையும் ஒரே சூட்டில் வை, பொறுமையாகக் காத்திரு என்ற ஒழுங்கு அன்றே வந்துவிட்டது. இன்றைய ஆய்வகமும் அதைத்தான் செய்கிறது. மூக்கின் வேலையை ஸ்கேல் ஏற்றுக்கொண்டிருக்கிறது, அவ்வளவே.

இரண்டு வழிகளும் சந்தித்தது பெர்லினில், ஒரு குடும்பத்தின் சமையலறை வழியாக. 1881-இல் ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் பாக்டீரியாவைத் தனித்தனியாக வளர்க்கப் படாத பாடு பட்டார்கள். வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டில் வளர்த்துப் பார்த்தார்கள். பிறகு ஜெலட்டினுக்கு மாறினார்கள். ஜெலட்டினோ கோடைச் சூட்டிலேயே இளகிவிடும். போதாக்குறைக்குச் சில பாக்டீரியாக்கள் அதையே தின்று கூழாக்கிவிடும். அங்கே வேலை பார்த்த வால்ட்டர் ஹெஸ்ஸே, காற்றிலுள்ள நுண்ணுயிர்களைப் பிடிக்கும் ஆராய்ச்சியில் இதனால் நொந்துபோயிருந்தார். ஒருநாள் மனைவி ஃபேனியிடம், "நீ செய்யும் ஜெல்லி மட்டும் வெயிலில் எப்படி உருகாமல் நிற்கிறது?" என்று கேட்டாராம். ஃபேனி அமெரிக்காவில் வளர்ந்தவர். ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த டச்சுக்காரர்களிடமிருந்து அவர் வீட்டுக்கு வந்த பக்குவம் அது, அகர் அகர் போட்டுச் செய்வது.

அகாரின் குணம் விசித்திரமானது. உருகுவதற்கு 85 டிகிரிச் சூடு வேண்டும், உருகியது மீண்டும் உறைவதோ 40 டிகிரிக்கும் கீழே வந்த பிறகு. உடல் சூட்டில் அசையாமல் நிற்கும். பெரும்பாலான பாக்டீரியாவுக்கு அது செரிக்காது. ஜாவா வெயிலுக்கு ஏற்ற இனிப்பு, பாக்டீரியாவுக்கும் பொருத்தமான படுக்கையாகிவிட்டது. காக் 1882-இல் காசநோய்க் கிருமியை அறிவித்த கட்டுரையில் அகாரை ஒற்றை வரியில் குறிப்பிட்டார். ஹெஸ்ஸே தம்பதியின் பெயர் அதில் இல்லை. கணவரின் ஆய்வுகளுக்கு ஓவியங்களும் வரைந்து கொடுத்த ஃபேனிக்கு இதனால் காசும் வரவில்லை, வாழ்நாளில் புகழும் வரவில்லை. இன்று அகார்த் தட்டைத் தொடும் ஒவ்வொரு மாணவருக்கும் அவர் பெயரைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதே ஆய்வகத்தின் ரிச்சர்ட் பெட்ரி 1887-இல் மூடியுள்ள வட்டத் தட்டைப் பற்றி எழுதினார். அதேபோன்ற தட்டுகளைப் பற்றி அவருக்கு முன்பே வேறு சிலர் எழுதியிருந்தாலும் பெயர் பெட்ரிக்கே ஒட்டிக்கொண்டது. அதே 1887-இல் பாரிசில் பாஸ்டரின் உதவியாளர் ஷார்ல் சாம்பர்லான், வாசனை எண்ணெய்களை ஆந்த்ராக்ஸ் கிருமிமீது ஏவிப் பார்த்தார். வலுவாக நின்றவற்றில் இலங்கைக் கறுவாவின் எண்ணெயும் ஒன்று. யாழ்ப்பாணத்தில் கறுவா என்றும் சென்னையில் பட்டை என்றும் கறிக்குப் போடும் அதே சரக்கு, கிருமியோடு மோதவிடப்பட்ட முதல் மூலிகைகளின் வரிசையில் நிற்கிறது.

அடுத்து ஆஸ்திரேலியா. அங்குள்ள பழங்குடிகள் புண்ணுக்குக் கட்டிய ஓர் இலை, டீ ட்ரீ. 1920-களில் சிட்னியின் வேதியியலாளர் ஆர்தர் பென்ஃபோல்ட் அதன் எண்ணெயைச் சோதித்து, கார்பாலிக் அமிலத்தைவிடப் பதினோரு மடங்கு வலுவானது என்று சொன்னார். கார்பாலிக்கை அளவுகோலாக வைக்கும் முறை 1903-இல் இங்கிலாந்தில் சாக்கடைக்கும் தரைக்கும் ஊற்றும் கிருமிநாசினிகளுக்காக வந்தது. ஒரு வேலைக்கென்று செய்த அளவுகோலை வேறொன்றுக்கு எடுத்துப் போடும் பழக்கம் இங்கேயே தொடங்கிவிட்டது. நம் வளையமும் அப்படிப்பட்ட இரவல்தான்.

1928-இல் லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பார்த்த பூஞ்சைக் கதை எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, அவர் அகாரில் வாய்க்கால் வெட்டிய கதை. தட்டில் ஒரு பள்ளம் வெட்டி, அதில் பூஞ்சைச் சாறு கலந்த அகாரை ஊற்றி, அதற்குக் குறுக்கே பலவகைக் கிருமிகளைக் கோடுகளாக இழுத்தார். வாய்க்காலிலிருந்து கசிந்த சாறு எட்டிய இடத்தில் சில கோடுகள் நின்றுபோயின, சில தாண்டி வளர்ந்தன. பன்னிரண்டு ஆண்டு கழித்து ஆக்ஸ்ஃபோர்டில் நார்மன் ஹீட்லிக்கு வேறு கவலை. நோயாளிகளின் மலச்சட்டிகளில்கூடப் பூஞ்சை வளர்த்துப் பெனிசிலின் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு ஈட்டிலும் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அளந்தாக வேண்டும். அகாரின்மேல் சின்னக் குழாய்த் துண்டுகளை நிறுத்தி, அவற்றில் சாற்றை ஊற்றி, சுற்றி விழும் வளையத்தை அளந்தார். வளையம் பெரிதென்றால் பெனிசிலின் அதிகம். 1944-இல் வின்சென்ட் என்ற பெயருடைய இருவர் குழாய்க்குப் பதில் வடிதாள் வில்லை போதும் என்று காட்டினார்கள். இன்றைய தட்டின் உருவம் அதோடு முழுமையானது.

பெனிசிலின் நீரில் எளிதாகக் கரையும், அகாரில் தடையில்லாமல் பரவும். அகாரின் பெரும்பகுதி நீர்தானே! ஆகவே வளையம் என்பது பிறந்தபோதே பெனிசிலினின் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே ஆக்ஸ்ஃபோர்டில் இ. எம். ஆஸ்பார்ன் 2,300 தாவர வகைகளைப் பிழிந்து சோதித்து 1943-இல் முடிவை வெளியிட்டார். 63 பேரினங்களில் கிருமியைத் தடுக்கும் சத்து தென்பட்டது. ஒரு பூஞ்சைக்குள் பெனிசிலின் ஒளிந்திருக்குமானால் செடிகளுக்குள் என்னென்ன ஒளிந்திருக்குமோ என்ற ஆவல் அன்று பற்றிக்கொண்டது. மறு ஆண்டு அமெரிக்காவில் காவலிட்டோவும் பெய்லியும் பூண்டிலிருந்து அல்லிசினைப் பிரித்தார்கள். முழுப்பல்லில் அல்லிசின் கிடையாது. நசுக்கும்போது இரண்டு பொருள்கள் கலந்து அப்போதுதான் உண்டாகிறது. பூண்டை 'தட்டிப் போடு' என்று வீட்டில் சொல்வதற்குள் வேதியியல் இருந்திருக்கிறது. 1942-இல் சலிமுஸ்ஸமான் சித்திகி வேப்பெண்ணெயிலிருந்து நிம்பினைப் பிரித்திருந்தார். அது இந்தியத் துணைக்கண்டத்தின் பங்கு.

அதே போரில் அகாருக்கே பஞ்சம் வந்தது. உலகுக்கு அகார் கொடுத்துவந்த ஜப்பான் எதிரணியில் நின்றது. பிரிட்டனில் கடற்கரைப் பாசியைத் தேடினார்கள். நியூசிலாந்தில் தாவரவியலாளர் லூசி மூர் கரைகரையாக அலைந்து ஏற்ற பாசியைக் கண்டறிந்தார். இந்தியாவிலும் அகார் செய்யும் முயற்சிகள் அந்தக் காலத்தில் தொடங்கின. 1960-களிலிருந்து மன்னார் வளைகுடாப் பாசியை வணிகத்துக்காக எடுப்பது பெருகியது. பாம்பனிலும் மண்டபத்திலும் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு மூழ்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து வருகிறார்கள். அகாருக்கு முதல்தரம் அது. கஞ்சிப்பாசி அடுத்து. பாறை கையைக் கிழிக்கும், சொறிமீன் சுடும். நம் கல்லூரித் தட்டுகளில் உறைந்திருப்பது சிலசமயம் இவர்கள் பிடித்த மூச்சுதான்.

தட்டில் அகாரோடு ஊற்றும் ஊட்டக்கூழுக்கும் ஒரு கதை இருக்கிறது. முல்லர்-ஹின்டன் என்று புட்டியில் எழுதியிருக்கும். 1941-இல் ஹார்வர்டில் ஜான் முல்லரும் ஜேன் ஹின்டனும் வெட்டைநோய்க் கிருமியை வளர்ப்பதற்காகச் செய்தது அது. அந்தக் கிருமிக்கு ஆகாத நஞ்சுகளை உறிஞ்சட்டும் என்று மாவுச்சத்துச் சேர்த்தார்கள். கறுப்பினப் பெண்ணான ஜேன் ஹின்டன் பின்னால் கால்நடை மருத்துவர் ஆனார். அவர் பெயர் தாங்கிய கூழோ, செய்த வேலையை விட்டு விலகி, உலகத்து மருந்துச் சோதனைகளுக்கெல்லாம் பொதுக்கூழ் ஆகிவிட்டது.

1950-களில் வில்லைச் சோதனை எங்கும் பரவியது. ஆளாளுக்கு ஒரு வில்லை, ஆளாளுக்கு ஓர் அகார்க் கனம். ஓர் ஊரில் 20 மில்லிமீட்டர் காட்டிய மருந்து அடுத்த ஊரில் 12 காட்டியது. சியாட்டிலில் பவுரும் கர்பியும் அவர்களின் தோழர்களும் 1966-இல் இதற்கு ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். அகாரின் கனம் இவ்வளவு, கிருமியின் அடர்த்தி இவ்வளவு, வில்லையில் மருந்து இவ்வளவு. எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஒவ்வொரு மருந்துக்கும் எத்தனை மில்லிமீட்டருக்கு மேலே போனால் அது நோயாளியிடம் பலிக்கும் என்று ஒரு பட்டியல். மருந்து இரத்தத்தில் எவ்வளவு சேரும் என்ற அறிவோடு பொருத்திச் செய்த பட்டியல் அது. அந்தப் பட்டியல் கையில் இருப்பதால்தான் மருத்துவருக்கு வளையம் பேசுகிறது.

மூலிகைக்கு அப்படி ஒரு பட்டியல் எங்கும் இல்லை. துளசிச்சாற்றுக்கு 14 மில்லிமீட்டர் வந்தால் என்ன பொருள்? அந்தச் சாற்றில் எந்தச் சத்து எவ்வளவு இருக்கிறது, குடித்தால் இரத்தத்தில் எவ்வளவு ஏறும் என்று தெரியாதவரை 14 என்பது 14 மட்டுமே. ஆனாலும் செலவு குறைவு, ஒரே இரவில் முடிவு, கண்ணுக்குத் தெரியும் சான்று என்பதால் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் மூலிகை ஆராய்ச்சி முழுக்க இந்த வளையத்தைப் பிடித்துக்கொண்டது. ஒருவர் செய்ததை அடுத்தவர் இலையை மட்டும் மாற்றிச் செய்தார்.

வளையம் ஏமாற்றும் வழிகள் பல. மஞ்சளின் குர்குமின் நீரில் கரையாது, அகாரில் பரவாமல் வில்லையிலேயே உட்கார்ந்துகொள்ளும். வளையம் வராததை வைத்து அது வேலை செய்யாது என்று சொல்ல முடியுமா? மறுபுறம், சாறெடுக்க ஊற்றிய மெத்தனால் வில்லையில் மிஞ்சியிருந்தால் அதுவே கிருமியைக் கொன்றுவிடும். அதனால்தான் வெறும் கரைப்பானை மட்டும் ஊற்றிய வில்லையொன்றைப் பக்கத்திலேயே வைத்தாக வேண்டும். அடர்ந்த சாற்றை அள்ளி ஊற்றினால் ஏறக்குறைய எந்தச் செடியும் ஏதோ ஒரு வளையத்தைக் கொடுத்துவிடும். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகர ஆய்வாளர்கள் 2006-இல் ஒரு கோடு போட்டார்கள். கச்சாச் சாறு ஒரு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குள் வேலை காட்டினால்தான் அதைப் பின்தொடர்வதில் பொருள் உண்டு என்றார்கள். கறாரான கோடுதான். ஆனால் வீண் நம்பிக்கையிலிருந்து நோயாளியைக் காப்பாற்றும் கோடு.

தட்டின் பக்கமே போகாமல் வென்ற மூலிகையும் உண்டு. 1967-இல் சீனாவில் மலேரியாவுக்கு மருந்து தேடும் இரகசியத் திட்டம் தொடங்கியது. மலேரியா ஒட்டுண்ணி அகாரில் வளராது, எலிகளில்தான் சோதிக்க வேண்டும். அந்தத் திட்டத்தில் து யூயூ என்ற ஆய்வாளரின் குழு பழைய ஏடுகளிலிருந்து சிங்ஹாவோ என்ற செடியை எடுத்தது. ஒருமுறை பலித்தது, மறுமுறை கைவிட்டது. அவர் மறுபடி ஏட்டைப் புரட்டினார். நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதியதில் காய்ச்சச் சொல்லவில்லை, நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்தது. சூடுதான் சத்தைக் கெடுக்கிறதோ என்று நினைத்து, 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதரில் சாறெடுத்தார். 1971 அக்டோபரில் 191-ஆம் எண் மாதிரி எலிகளின் ஒட்டுண்ணி முழுவதையும் ஒழித்தது. ஆர்ட்டிமிசினின் அங்கிருந்து வந்தது. 2015-இல் நோபல் பரிசும் வந்தது. வழிகாட்டியது செய்முறை பற்றிய ஒரு குறிப்பு. நம் சித்த மருத்துவ நூல்களிலும் எட்டில் ஒன்றாக வற்றவை, மண்பாண்டத்தில் வை, இத்தனை நாள் ஊறட்டும் என்று குறிப்புகள் நிறைந்திருக்கின்றன. ஆய்வகத்துக்குள் வந்ததும் எல்லாச் செடியும் நிழலில் உலர்ந்து, பொடியாகி, மெத்தனாலில் இறங்குகிறது. இதைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கும். ஏட்டிலுள்ள செய்முறையைச் சோதிக்காமல் ஏட்டைச் சோதித்துவிட்டதாக நாம் எழுதிவிடுகிறோம்.

வளையத்துக்கு மாற்று வராமல் இல்லை. ஹங்கேரியில் 1951-இல் ஜூலா டகாட்ஸி ஒரு நெகிழித் தகட்டில் வரிசையாகக் குழிகள் குடைந்தார். அந்தக் குழித்தட்டு இன்று 96 குழிகளோடு எல்லா ஆய்வகத்திலும் இருக்கிறது. 1998-இல் தென்னாப்பிரிக்காவின் கோபஸ் எலாஃப், மூலிகைச் சாற்றைக் குழிக்குக் குழி பாதியாக நீர்த்து, உயிருள்ள பாக்டீரியா இருந்தால் சிவக்கும் ஒரு சாயத்தைச் சேர்த்தார். சிவக்காமல் நின்ற கடைசிக் குழியின் அளவே விடை. பரவல் என்ற தொல்லை இல்லை. நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும் ரெசசூரினைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அது பால் கெட்டுவிட்டதா என்று பார்க்கப் பால்பண்ணைகளில் புழங்கிய சாயம்!

எலாஃபின் சோதனைக்கு இரண்டு ஆண்டு கழித்து வந்த ஒரு செய்திதான் எனக்கு மிகவும் பிடித்தது. மரமஞ்சளிலும் பெர்பெரிஸ் புதர்களிலும் இருக்கும் மஞ்சள் சத்து பெர்பெரின். ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி தன் உடம்பில் ஒரு பம்ப்செட் வைத்து அதை வெளியே இறைத்துவிடுகிறது, ஆகவே தனியாகச் சோதித்தால் பெர்பெரின் மெலிந்து தெரியும். அமெரிக்காவில் ஸ்டெர்மிட்ஸும் கிம் லூயிஸும் அவர்கள் குழுவினரும் 2000-இல் கண்டது, அதே பெர்பெரிஸ் செடி அந்தப் பம்பை அடைக்கும் இன்னொரு பொருளையும் செய்கிறது என்பது. அந்தப் பொருளைத் தனியாக வைத்தால் கிருமிக்கு எதுவும் ஆகாது. இரண்டும் சேர்ந்தால் பெர்பெரின் பன்மடங்கு வலுவாகிறது. அந்தத் துணைப்பொருள் அதற்கு முன்பே வேறோர் இடத்தில் கிடைத்திருந்தது, தொழுநோய்க்குத் தடவிய சால்முக்ரா எண்ணெயில். சால்முக்ரா குடும்பத்தின் விதைகளில் ஒன்றைச் சித்த மருத்துவர்கள் நீரடிமுத்து என்று அழைக்கிறார்கள். சத்தைத் தனித்தனியாகப் பிரித்துப் பிரித்து வில்லையில் வைத்தவர்கள் கண்ணுக்கு இந்தக் கூட்டு எப்படித் தெரிந்திருக்கும்?

2015-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பழைய ஆங்கிலம் கற்ற கிறிஸ்டினா லீயும் நுண்ணுயிரியலாளர் ஃப்ரெயா ஹாரிசனும் கூட்டுச் சேர்ந்தார்கள். பால்டின் மருத்துவ ஏடு என்ற ஆயிரம் ஆண்டுப் பழைய நூலிலிருந்து கண்கட்டிக்கான ஒரு மருந்தை எடுத்தார்கள். பூண்டு, அதன் இனத்தில் இன்னொன்று, திராட்சை மது, மாட்டின் பித்தநீர், எல்லாம் பித்தளைக் கலத்தில் ஒன்பது இரவு. அந்த 'இன்னொன்று' வெங்காயமா, லீக் கீரையா என்று சொல்லின் பொருள் தெளிவில்லை. ஆகவே இரண்டையும் வைத்துத் தனித்தனியாகச் செய்தார்கள். பித்தளைக் கலம் கிடைக்காததால் கண்ணாடிப் புட்டிக்குள் பித்தளைத் துண்டுகளைப் போட்டார்கள். நாள் குறையாமல் ஒன்பது இரவும் காத்திருந்தார்கள். பிறகு, ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி மண்டிய செயற்கைப் புண்களில் ஊற்றினார்கள். வெறும் வில்லையும் வளையமும் அவர்களுக்குப் போதவில்லை. கிருமி உண்மையில் எங்கே ஒட்டிக்கொண்டு வாழுமோ அதுபோன்ற இடத்தைச் செய்து அங்கேதான் சோதித்தார்கள். பொருள்களைத் தனித்தனியே ஊற்றியபோது பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஏட்டில் இருந்தபடி சேர்த்து வைத்ததை ஊற்றியபோது கிருமிகள் ஏறக்குறைய எல்லாமே மடிந்தன.

கலவை ஊறிக்கொண்டிருந்த அந்த ஒன்பது நாளில் புட்டிக்குள்ளும் ஒன்று நடந்திருந்தது. பூண்டோடும் வெங்காயத்தோடும் மண்ணிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த கிருமிகளை, யாரும் சோதிக்கச் சொல்லாமலே, அந்த மருந்து கொன்று முடித்திருந்தது.